பாட்டன் பூட்டன் பெயர் தேடி

நம் மலைப் பக்கத்துப் பெரியவர்களிடம் "உங்க பூர்வீகம் எதுங்க?" என்று கேட்டால் யோசிக்காமல் "காஞ்சிபுரம்" என்பார்கள். அதே பெரியவரிடம் "உங்க தாத்தாவோட அப்பா பேரு என்னங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கூரையைப் பார்ப்பார், தாடையைத் தடவுவார், கடைசியில் "எங்க பெரியண்ணனைக் கேக்கணும்" என்பார். அந்தப் பெரியண்ணன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருக்கும்.

ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடங்களில் 34 வருஷம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு நேரம் கிடைத்ததால், எங்கள் குடும்பத்தில் பாட்டன், பூட்டன், அவருக்கும் மேலே யார் யார் என்று தேடத் தொடங்கினேன். இந்த மூன்று நான்கு வருஷத்தில் எங்கே தேடினால் பெயர் கிடைக்கும், எங்கே தேடினால் கிடைக்காது என்பது கொஞ்சம் தெரிந்தது. "சார், இதை எழுதி வையுங்களேன்" என்று வாசகர்கள் சிலர் கேட்டதால் இந்தக் கட்டுரை.

மக்கள் தொகைக் கணக்கில் பெயர் உண்டா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். "வெள்ளைக்காரன் காலத்திலேயே வீடு வீடாக வந்து கணக்கு எடுத்தார்களே, அதில் பெயர் இருக்குமே?"

கணக்கு எடுத்தது உண்மை. சென்னை மாகாணத்தில் 1851 வாக்கிலிருந்தே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தலைக்கணக்கு எடுத்தார்கள். 1871ல் முறையான கணக்கெடுப்பு நடந்தது. அதன் அறிக்கையை எழுதியவர் கார்னிஷ் என்ற மருத்துவ அதிகாரி. நாடு முழுவதும் ஒரே நாளில் எண்ணிய முதல் கணக்கெடுப்பு 1881 பிப்ரவரி 17. அதன் பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு முறை என்று வழக்கமானது. பௌர்ணமியை ஒட்டிய நாளாகப் பார்த்துத் தேதி குறிப்பார்களாம். கணக்கெடுப்பவர் நிலா வெளிச்சத்தில் வீடு வீடாகப் போய், முன்பே எழுதிய தாளைச் சரிபார்க்க வேண்டுமே! இரவில் நடமாட முடியாத காடு, மலைப் பகுதிகளில் மட்டும் பகலிலேயே முன்கூட்டி எண்ணிக்கொள்ள அனுமதி இருந்தது.

அந்தத் தாளில் வீட்டில் உள்ளவர்களின் பெயர், வயது, சாதி, தாய்மொழி, தொழில் எல்லாம் இருந்தன. ஆனால் அது கூட்டிப் பெருக்குவதற்கான தாள். கூட்டல் முடிந்து அறிக்கை அச்சானதும் தாள்களை அழித்துவிட்டார்கள். நமக்கு மிஞ்சியது எண்கள்தான். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 சட்டத்தின் 15ஆம் பிரிவு, கணக்கெடுப்பில் ஒருவர் சொன்ன விவரத்தை வேறு யாரும் பார்க்கக் கூடாது, நீதிமன்றத்திலும் சாட்சியாகக் காட்டக் கூடாது என்கிறது. வரி போடுவார்களோ, வழக்கு வருமோ என்று பயந்தால் மக்கள் உண்மை சொல்ல மாட்டார்கள். அதனால் அந்தக் காப்பு அவசியம்தான்.

இங்கிலாந்தில் அப்படி இல்லை. நூறு வருஷம் கழித்து வீட்டுத் தாள்களை அப்படியே திறந்துவிடுகிறார்கள். 1921ல் எடுத்த கணக்கு 2022 ஜனவரியில் வெளியானது. அமெரிக்காவில் 72 வருஷக் கெடு. 1950 கணக்கு 2022 ஏப்ரலில் வந்தது. அங்குள்ளவர்கள் தாத்தா குடியிருந்த தெருவையும், எதிர்வீட்டுக்காரர் பெயரையும் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஊரைவிட்டுக் கப்பல் ஏறிப் போனவர்களுக்குப் பெயர் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பலர் நம் வட ஆற்காட்டுக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, மாவட்டம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கொள்ளுப் பேரன்கள் இன்று அந்தப் பெயரையும் ஊரையும் கையில் வைத்துக்கொண்டு நம் பக்கம் தேடி வருகிறார்கள். ஊரிலேயே இருந்து கொல்லை உழுத நம் பாட்டன்மாருக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை.

ஒரு மலை, மூன்று மாவட்டம்

பெயர் இல்லாவிட்டாலும் பழைய அறிக்கைகளைப் படிக்காமல் விடக்கூடாது. நம் மலையைப் பற்றியும், அப்போது எப்படிப் பிழைத்தார்கள் என்பது பற்றியும் அவற்றில் நிறைய இருக்கிறது. இப்போது பெரும்பாலானவை கணினியில் இலவசமாகவே கிடைக்கின்றன. பேரப்பிள்ளைகளைக் கேட்டால் இறக்கித் தருவார்கள்.

தேடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 1911க்கு முன்பு ஜவ்வாது மலை மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடந்தது. திருப்பத்தூர் தாலுகா அப்போது சேலம் மாவட்டம். ஆகவே புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று நாம் சொல்லும் பக்கத்துக்காரர்கள் சேலம் கணக்கில் தேட வேண்டும். போளூர் பக்கம் வட ஆற்காடு. செங்கம் பக்கம், திருவண்ணாமலை தாலுகாவோடு சேர்ந்து தென் ஆற்காடு. 1911ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோதுதான் திருப்பத்தூரையும் திருவண்ணாமலையையும் வட ஆற்காட்டில் சேர்த்தார்கள். 1989ல் திருவண்ணாமலை தனியானது. 2019ல் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. இப்போது மறுபடியும் மலை மூன்று மாவட்டம்: திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை.

அதனால் தேட வேண்டிய புத்தகமும் மூன்று. தென் ஆற்காட்டுக்கு கார்ஸ்டின் எழுதிய 1878 கையேடு. வட ஆற்காட்டுக்கு காக்ஸ் எழுதிய 1881 கையேடு, அதை ஸ்டூவர்ட் திருத்திய பிந்திய பதிப்பு. சேலத்துக்கு லெஃபானு எழுதிய 1883 கையேடு. பெண் கொடுத்து பெண் எடுத்த சொந்தங்கள் மலையின் இரண்டு பக்கமும் இருக்கும் வீடுகளில் ஒரே குடும்பம் இரண்டு மாவட்டக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

மாவட்ட எல்லை என்பது வெறும் கோடு என்று நினைக்க வேண்டாம். 1976 சட்டப்படி பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்கு எதிரில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்று மாவட்டங்கள் இருக்கின்றன. பர்கூர் மலை பழைய கோவை மாவட்டத்தில் இருந்ததால், அங்குள்ள மலையாளிகள் அந்தப் பட்டியலில் வரவில்லை. பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மலைக்கு ஆள்பவன் என்ற பொருளில் வந்த பெயரைப் பார்த்து, "கேரளாவா?" என்று கேட்பவர்களுக்கு நாம் இன்றைக்கும் விளக்கம் சொல்கிறோம். நம் தாய்மொழி தமிழ்தான்.

ஏழு பேரும் ஏழு நாய்களும்

காஞ்சிபுரம் கதை எப்படி ஏட்டில் ஏறியது என்று பார்த்தேன். ஸ்டூவர்ட் 1891ல் சென்னை மாகாணக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த அதிகாரி. அவர் திருத்திய வட ஆற்காடு கையேட்டில் இந்தக் கதை இருக்கிறது. பிறகு 1909ல் தர்ஸ்டன், ரங்காச்சாரி இருவரும் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிக் கொண்டுவந்த ஏழு தொகுதிகளில் அதை எடுத்துச் சேர்த்தார்கள்.

கதை இதுதான். சக வருஷம் 1055, அதாவது கி.பி. 1132. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் பெண் கேட்டார்கள். அவர்கள் இழிவாகப் பேசி மறுத்தார்கள். வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று நினைத்துக் கருமாதி செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ கடந்துவிட்டார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்தி, திரும்பி காஞ்சிபுரத்துக்கே போய்விட்டன. இவர்கள் வேடர்களைக் கொன்று பழி தீர்த்துவிட்டு ஊர் திரும்பினால், கருமாதி முடிந்து மனைவிமார் தாலி அறுத்திருந்தார்கள். செத்தவர்களை ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏழு பேரும் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினார்கள். அவர்கள் வழி வந்தவர்களே நாம் என்பது கதை.

சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் வேறு கதை சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பார்கள். இரண்டிலும் காஞ்சிபுரம் உண்டு.

இதை வரலாறு என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த ஆண்டில் இப்படி ஒரு கூட்டம் வந்தது என்று சொல்லும் கல்வெட்டையோ செப்பேட்டையோ நான் படித்த எந்த அறிஞரும் காட்டவில்லை. அந்தக் காலத்தில் கணக்கெடுப்பவர் "நீ என்ன சாதி?" என்று கேட்டபோது, பல சமூகத்தார் தங்களைச் சமவெளியின் பெரிய குலம் ஒன்றோடு இணைத்துச் சொன்னார்கள். ஏனென்றால் எந்தச் சாதி மேல், எந்தச் சாதி கீழ் என்று அறிக்கைகளிலேயே வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதற்காகக் கதை முழுக்கக் கட்டியது என்றும் தள்ள முடியாது. சமவெளியில் போர், பஞ்சம், வரிக்கொடுமை வந்தபோதெல்லாம் ஜனங்கள் மலை ஏறியிருக்கிறார்கள். பல நூற்றாண்டில் பல கூட்டமாக வந்தவர்களை ஒரே நாளில் வந்த ஏழு பேராகச் சுருக்கி நினைவில் வைத்திருக்கலாம். என் அபிப்பிராயம் அவ்வளவே.

ஆனால் கதையின் கடைசி வரியை நாம் சரியாகக் கேட்பதில்லை. ஏழு ஆண்கள்தான் காஞ்சிபுரம். நம் குலத்தின் முதல் தாய்மார் வேடர் வீட்டுப் பெண்கள். அதாவது நம் கதையே சொல்கிறபடி பார்த்தால், நம் தாய்வழி இந்தக் காட்டுப் பக்கத்திலேயே இருந்தது. கீழ்ச்செப்பிலியில் பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்களை நம்மவர்கள் வாலியர் வீடு, குள்ளர் வீடு என்று சொல்வார்கள். காஞ்சிபுரம் கதைக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த மலையில் மனிதர் வாழ்ந்து, செத்தவர்களுக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். 

மலை அடிவாரத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் நிறையக் கிடைத்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972ல் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டது. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யார், யாருடைய சேவகன், எதற்காகச் செத்தான் என்று அந்தக் கற்களில் இருக்கும். பெரும்பாலும் மாடு பிடிச் சண்டைதான். எடுத்தனூரில் கிடைத்த கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனோடு நின்று இரண்டு கள்வர்களைக் கடித்த நாயின் உருவத்தையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்று எழுதியிருக்கிறார்கள். சுமார் 1400 வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

தாது வருஷமும் விஷக் காய்ச்சலும்

பெயர் இல்லாத அறிக்கைகளையும் வீட்டுப் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சில விஷயம் துலங்கும். என் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, தன் மாமியாரைப் பற்றிச் சொல்லும்போது "தாது வருஷத்துல எங்க மாமியா இடுப்புல கொழந்த, கெழங்கு தோண்டித் தின்னு பொழச்சாங்களாம்" என்பார். நான் சின்னப் பையன். தாது வருஷம் என்றால் என்னவென்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தமிழ் வருஷங்கள் 60. தாது பத்தாவது. பிரபவ 1867ல் பிறந்தது, அதிலிருந்து எண்ணினால் தாது 1876. சென்னை மாகாணத்தையே புரட்டிப் போட்ட பெரும் பஞ்சம் தொடங்கிய வருஷம். அது 1878 வரை நீடித்தது. அறிக்கை எண்களைப் பாருங்கள். வட ஆற்காட்டில் 1871ல் 20 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த ஜனம், 1881ல் சுமார் 18 லட்சம். சேலம் மாவட்டத்தில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தது 16 லட்சமாகக் குறைந்தது. பத்து வருஷத்தில் பிறந்தவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் குறைவு. எங்கள் பூட்டியும் அவர் இடுப்புக் குழந்தையும் அந்தக் கணக்கில் மிஞ்சியவர்கள். அதை வைத்து, அவர் 1855லிருந்து 1860க்குள் பிறந்திருக்க வேண்டும் என்று ஊகித்தேன்.

அந்தக் குழந்தைதான் என் தாத்தாவின் அண்ணன். "காளயுக்தியில விஷக் காய்ச்சல் வந்து போயிட்டாரு" என்பார் ஆயா. காளயுக்தி என்றால் 1918. உலகமெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்ற இன்ஃப்ளூயன்ஸா நம் மலைக்கும் ஏறி வந்திருக்கிறது. 1911க்கும் 1921க்கும் நடுவே இந்தியாவின் ஜனத்தொகை கூடுவதற்குப் பதில் குறைந்தது. அப்படிக் குறைந்த ஒரே பத்தாண்டு அது என்று பாடப் புத்தகத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அந்தப் பாடம் இருந்தது.

வயது விஷயத்தில் எந்தப் பதிவேட்டையும் முழுதாக நம்ப வேண்டாம். பழைய அறிக்கைகளில் 30, 40, 50 வயதுக்காரர்கள் கூட்டமாக இருப்பார்கள். 31, 39 வயதுக்காரர்கள் ரொம்பக் குறைவு. சரியான வயது தெரியாததால் முழு எண்ணாகச் சொன்னது. பள்ளிக்கூடப் பதிவேடும் அப்படித்தான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்த காலம். ஒரு வகுப்பில் பாதிப்பேர் மே, ஜூனில் பிறந்ததாக இருப்பார்கள். வருஷம் ஒன்றிரண்டு முன்பின் இருக்கும் என்று வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

பெயர் கிடைக்கும் இடங்கள்

எனக்குப் பெயர் கிடைத்தது ஒரு தகரப் பெட்டியிலிருந்து. அண்ணன் வீட்டுப் பரணில் இருந்த பெட்டியில், கரையான் தின்றது போக மிஞ்சிய கிஸ்தி ரசீதுகள் நாலைந்து இருந்தன. ஒன்றில் பசலி 1341 என்று இருந்தது. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். ஆக, 1931 ஜூலையில் தொடங்கிய வருஷம். அதில் என் தாத்தா பெயரும், "தகப்பன் பெயர்" என்ற இடத்தில் இன்னொரு பெயரும் இருந்தன. அந்த இன்னொருவர்தான் பூட்டன்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். அது என் பெரியப்பாவின் பெயர்! நம்மில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். இதனால் பதிவேட்டில் தாத்தாவையும் பேரனையும் ஒருவராக எண்ணிக் குழம்புவதும் உண்டு. பெயரோடு தகப்பன் பெயரையும் வருஷத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஆயா ஏன் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை? அது மாமனார் பெயர். புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் அந்தக் காலத்துப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். தான் பெற்ற மூத்த மகனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, கடைசிவரை "பெரியவனே" என்றுதான் கூப்பிட்டார். மரியாதை காரணமாகவே ஒரு பெயர் வீட்டில் புழங்காமல் போய்விட்டது.

தகரப் பெட்டி இல்லாதவர்கள் தேட வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். தாலுகா அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலும் உள்ள பழைய நிலவரித்திட்டப் பதிவேடுகள் முதலிடம். யு.டி.ஆர். காலத்துக்கு முந்தைய அ பதிவேடு, சிட்டா, அடங்கல் கிடைத்தால் விடாதீர்கள். 1980ல் பரம்பரை மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளை எடுத்தபோது சில கணக்குகள் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டதும் உண்டு. அந்த வீட்டாரிடம் மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள். அடுத்தது கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. 1882 சென்னை வனச் சட்டப்படி காப்புக்காடு அறிவிக்கும் முன் அங்கே உரிமை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று விசாரணை நடத்தினார்கள். உரிமை கேட்டவர்களின் பெயர் அந்தக் கோப்பில் இருக்கும். பழைய கோப்புகளுக்குச் சென்னை எழும்பூரில் 1909ல் தொடங்கிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. முன் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

எதற்கு இந்த வேலை?

"செத்தவங்க பேரைத் தேடி என்ன சார் ஆகப் போகுது?" என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்குப் பதில் போன வருஷம் தானாகவே வந்தது. தம்பி மகன் போன் செய்தான். "பெரியப்பா, தாத்தாவுக்குத் தாத்தா பேரு உங்ககிட்ட இருக்கா? கிராம சபைல கேக்கறாங்க."

எங்கள் கொல்லையில் ஒரு பகுதி காட்டு எல்லைக்குள் வருகிறது. தலைமுறை தலைமுறையாகச் சாமையும் கேழ்வரகும் விதைத்த இடம். கையில் பட்டா கிடையாது. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் தம்பி மகன் மனு எழுதியிருந்தான். அந்தச் சட்டப்படி பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்த இடத்தில் இருந்து பிழைக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். மற்ற வனவாசிகள் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் காட்ட வேண்டும். என்னென்ன சாட்சி ஏற்கலாம் என்று விதிகள் பட்டியல் போட்டிருக்கின்றன. மாவட்டக் கையேடுகள், மக்கள் தொகைக் கணக்கு, நில அளவை அறிக்கை, வனத்துறைத் திட்டங்கள், பழைய வீடு, கிணறு, சுடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாம் அதில் உண்டு. பழைய பதிவில் உள்ள ஒருவரிலிருந்து இன்றைய மனுதாரர் வரை வரும் வம்ச வரிசையும் ஒரு சாட்சி. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஒரு சாட்சி. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும்.

கிஸ்தி ரசீது எங்கள் வேறு நிலத்துக்கானது. ஆனாலும் 1931ல் எங்கள் தாத்தாவும் அவர் தகப்பனாரும் இந்த ஊர்க்காரர்கள் என்று காட்டியது. அதிலிருந்து தம்பி மகன் வரை வம்ச வரிசை எழுதினேன். பூட்டன், தாத்தா, அப்பா, தம்பி, மகன் என்று ஐந்து தலைமுறை ஒரு தாளில் நின்றது. 

எழுதி முடித்துப் பார்த்தால் அதில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. கிழங்கு தோண்டிப் பிள்ளையைக் காப்பாற்றிய அந்தப் பூட்டியின் பெயர் என்ன? ரசீதில் இல்லை, பட்டாவில் இல்லை. இது நம் வீட்டுக் குறை மட்டுமல்ல. நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் "இன்னார் மனைவி", "இன்னார் தாய்" என்றே சொன்னார்கள். அப்படிச் சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. ஏழு பேர் கதையிலும் பாருங்கள், காஞ்சிபுரம், கங்குந்தி, பாலாறு என்று பெயர் சொன்னவர்கள் அந்த வேடர் பெண்கள் ஒருவரின் பெயரையும் சொல்லவில்லை.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்தவர்கள் பேத்திக்கு ஆயா பெயர் வைத்திருப்பார்களே என்று யோசித்தேன். என் மூத்த அத்தை எப்போதோ காலமாகிவிட்டார். அவர் மகள், எனக்கு அக்கா முறை, 80 வயதைத் தாண்டியவர், மலையின் அந்தப் பக்கம் இருக்கிறார். போய்க் கேட்டேன். "எங்க அம்மா பேரு அவங்க ஆயா பேருதான்டா. பஞ்சத்துல பொழச்ச கெழவி பேரு, நல்லா இருக்கட்டும்னு வெச்சாங்களாம். இது உனக்குத் தெரியாதா?" என்றார். ஆண்கள் வீட்டுக்காரர்களான எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி மலைக்கு அந்தப் பக்கம் போன பெண்கள் வழியில் அந்தப் பெயர் பத்திரமாக இருந்திருக்கிறது.

அக்கா மனுதாரர் இல்லை. ஆகவே அவர் சொன்னதை எழுதி, வன உரிமைக் குழுவின் முன் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிச் சேர்த்தோம். அந்தக் கொல்லையில் தன் ஆயாவோடு களை வெட்டியதையும், எல்லையில் உள்ள புளியமரத்தடியில் சாமிக்குப் பொங்கல் வைத்ததையும் அவர் நிதானமாகச் சொன்னார். மனு இப்போது மேல் குழுவுக்குப் போயிருக்கிறது.

வாசக நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டில் 75 வயது தாண்டிய பெண்கள் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். அவர்களுடைய அம்மா, ஆயா, மாமியார், மாமியாரின் மாமியார் பெயர்களைக் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தமிழ் வருஷம், என்ன பஞ்சம், என்ன காய்ச்சல் என்று கேட்டு ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். புருஷன் பெயரைச் சொல்லத் தயங்கினால் நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர் தலையாட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பூட்டியின் பெயரை இங்கே எழுதவில்லை. போன மாசம் தம்பி மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை இல்லாமல் வந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.